விலைப்பட்டியல் அறிவாகுமா?

விலை உயர்ந்த உறுப்புகள் அனைத்தையும் ஒரு பேழைக்குள் அடுக்கிவிட்டால் அதுவே உயர்ந்த கணினி என்ற நம்பிக்கை இன்றைய இளைஞரிடையே வேரூன்றியுள்ளது. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவின் கண்ணாடிப் பெட்டிகளிலும் அமெரிக்கக் காணொளிகளிலும் வளர்ந்த இந்நம்பிக்கை, ஏ-9 வீதிவழியே மாங்குளம் வந்து, மேற்கே திரும்பித் துணுக்காயையும் எட்டிவிட்டது. மறுபுறத்தே, நெல் விளையும் ஊரில் விளையாட்டுக் கணினி எதற்கு என்று முகஞ்சுழிக்கும் பெரியோரும் உளர். முரண்பட்டவைபோலத் தோன்றும் இவ்விரு கருத்துகளும் அடிப்படையில் ஒன்றே. கணினியை இரு சாராரும் ஆடம்பரப் பொருளாகவே காண்கின்றனர். ஒரு சாரார் அதனை விரும்புகின்றனர், மறு சாரார் வெறுக்கின்றனர். தெரிந்து பூட்டப்படவேண்டிய பொறி அது என்ற எண்ணம் இருவரிடத்தும் இல்லை.

பெரியோரின் வாதத்தை முதலில் நோக்கலாம். விளையாட்டுக்கென விற்கப்படும் வரைகலை அட்டை வெறும் பொழுதுபோக்குக் கருவி என்பது அவர்தம் கருத்து. 2012ஆம் ஆண்டில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ்நெற் என்ற நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்தவர்கள் பயன்படுத்தியவை, விளையாட்டுப் பிரியருக்காகச் சந்தைப்படுத்தப்பட்ட இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகளே. ஒவ்வொன்றின் நினைவகமும் 3 கிகாபைற்று மாத்திரம். இன்று செயற்கை நுண்ணறிவு எனப் பேசப்படும் பெருவெள்ளத்தின் ஊற்றுக்கண்களுள் அதுவும் ஒன்று. ஆகவே, துணுக்காய் மாணவன் ஒருவன் தன் அறையில் இத்தகைய அட்டையொன்றைப் பொருத்தும்போது, விளையாட்டுக் கருவியோடு ஆய்வுக் கருவி ஒன்றையும் பொருத்துகிறான். தமிழ் எழுத்தை, தமிழ்ப் பேச்சை இயந்திரத்துக்குக் கற்பிக்கும் பணிக்கும் அதே அட்டை உதவும். இதனை வீண்செலவு என்பது அறியாமையின் கூற்று.

ஆனால், அட்டையை வாங்கியதனாலேயே ஒருவன் ஆய்வாளனாகிவிடுவதில்லை. இங்கேதான் விலை வழிபாட்டாளரின் போலி வாதம் வெளிப்படுகிறது. 2025 ஜனவரியில் வெளியான ஆர்ரிஎக்ஸ் 5090 அட்டையின் அறிமுக விலை 1999 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று கொண்டாலும், வரியும் இறக்குமதிச் செலவும் நீங்கலாக, அது ஆறு இலட்சம் ரூபாவை நெருங்குகிறது. அது இழுக்கும் மின்வலு 575 வாற்று. இவ்வளவு செலவிட்டபின் எஞ்சிய பணத்தில் மலிவான மின்வழங்கியும் காற்றோட்டமற்ற பேழையும் வாங்குவோர் பலர். வவுனிக்குளத்தின் அணைக்கட்டை எவ்வளவு உயர்த்தினாலும், துருசு குறுகியதாயின் வாய்க்காலின் கடைசி வயல் காய்ந்தே கிடக்கும். கணினியின் நியதியும் அதுவே.

விலையே தரம் என்பதைச் சந்தையே பொய்யாக்கியுள்ளது. 2023இல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ரைசன் 7 7800எக்ஸ்3டி என்ற முறைவழியாக்கிக்கு எட்டுக் கருக்களே உண்டு. எனினும், 96 மெகாபைற்று மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் கொண்ட அது, பதினாறு கருக்களும் கூடிய விலையும் கொண்ட 7950எக்ஸை விளையாட்டுச் சோதனைகளில் விஞ்சியது. இன்ரெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்தர முறைவழியாக்கிகள் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. 2024இல் அந்நிறுவனமே குறையை ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீடிக்க நேர்ந்தது. பட்டியலின் உச்சியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்களே இதில் அதிகம் பாதிக்கப்பட்டனர்.

இதனினும் பெரிய குறை யாதெனில், அப்பட்டியல்கள் எந்த ஊருக்காக எழுதப்பட்டன என்று எவரும் கேளாமையே. குளிரூட்டிய அறையில், 21 பாகை வெப்பநிலையிற் சோதிக்கும்போது 78 பாகை காட்டும் ஒரு முறைவழியாக்கி, 36 பாகை வெயிலில் தகரக் கூரையின்கீழ் 93 பாகையை நெருங்கும். அந்நிலையில் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சோளகக் காற்று அள்ளிவரும் செம்மண் புழுதி விசிறியையும் வெப்பந்தணிப்பானின் இடுக்குகளையும் அடைத்துவிட்டாற் கேட்கவே வேண்டியதில்லை. இலட்சங்கள் கொடுத்து வாங்கிய வேகம் புழுதிக்குள் மறைந்துவிடுகிறது.

மின்சாரத்தின் நிலை எல்லோரும் அறிந்ததே. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அமுலாயிற்று. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததால் இலங்கை முழுவதும் இருளில் ஆழ்ந்தது என அமைச்சரே அறிவித்தார். மின்கம்பியின் கடைக்கோடியில் உள்ள வீட்டுக்கு 230 வோல்ற்று என்பது பல வேளைகளில் ஏட்டளவிலேயே உண்டு. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் வேறு. இத்தகைய ஊரில் முதலில் தெரிவு செய்யவேண்டியது வரைகலை அட்டை அன்று. புவித்தொடுப்பு ஒழுங்காக உள்ளதா என்று பார்ப்பதே முதற்பணி. 100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்கும் தரமான மின்வழங்கி அடுத்தது. 80 பிளஸ் முத்திரை செயற்றிறனைக் கூறுமேயன்றி, குறுக்குச் சுற்றிலிருந்து காக்கும் ஆற்றலைக் கூறாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 650 விஏ எனக் குறிக்கப்பட்ட சிறு யூபிஎஸ் பெரும்பாலும் 400 வாற்றுக்குக் குறைவாகவே தாங்கும். 700 வாற்று இழுக்கும் கணினிக்கு அதனை வாங்கி வைப்பது அலங்காரமே.

அவ்வாறாயின் வன்னி இளைஞன் தாழ்ந்ததோடு அமைதி கொள்ளவேண்டுமா என்ற வினா எழும். வறியோருக்கு வறிய பொருள் என்ற நீதியை எவரும் ஏற்கமுடியாது. ஆனால், இங்கு வலியுறுத்தப்படுவது அதுவன்று. உயர்ந்த பொறி இவ்வூரில் உயர்ந்ததாகவே இயங்கவேண்டும் என்பதே கோரிக்கை. 450 வாற்று இழுக்கும் ஆர்ரிஎக்ஸ் 4090 அட்டையின் மின்வலு எல்லையை 315 வாற்றளவுக்கு இறக்கினும் அதன் வேகம் சிறிதளவே குறைகிறது. வெப்பமோ பெரிதும் தணிகிறது. விலையை மட்டும் அறிந்தவன் இதனைச் செய்யமாட்டான். பொறியை அறிந்தவனே செய்வான்.

இவ்வகைத் தெரிவு துணுக்காய் மண்ணுக்குப் புதியதன்று. போகந்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் குளத்து நீர்மட்டத்தைக் கணக்கிட்டு, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்று முடிவெடுக்கும் மரபு இங்குண்டு. அயலூரில் அதிக விளைச்சல் தந்தது என்பதற்காக எந்த விவசாயியும் தன் நீரையும் மண்ணையும் பாராது விதைநெல் வாங்குவதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், மின்சாரமும் மின்கலமும் இல்லாத நிலையில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் இம்மக்கள். மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்களும் இவர்களே. அன்று பொருள் இருக்கவில்லை. பொறி பற்றிய அறிவு இருந்தது. இன்று பொருள் கடைக்கு வந்துவிட்டது; அறிவைக் கைவிடுவது எவ்வகையில் முன்னேற்றமாகும்?

பொறுப்பு இளைஞருக்கு மாத்திரம் உரியதன்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது; வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. வன்னியின் வெப்பத்திலும் புழுதியிலும் தாழ் மின்னழுத்தத்திலும் கணினி உறுப்புகள் எவ்வாறு இயங்குகின்றன என்று அளந்து தமிழில் எழுதுவதற்கு இவற்றைவிடத் தகுந்த இடங்கள் எவை? அவ்வளவீடுகள் எழுதப்படும்வரை, குளிரூட்டிய அறைகளின் முடிவுகளே வெயில் நாட்டுக்கு வேதமாக விளங்கும்; துணுக்காய் இளைஞனும் விலைச்சீட்டை மட்டும் வாசிக்கத் தெரிந்த வாடிக்கையாளனாகவே நிற்பான்.