கற்றுத்தருவது சலுகை அல்ல, கடமை

சட்டப் படிப்பை முடித்துக் கறுப்பு அங்கி அணியும் இளைஞருக்கு உண்மையான பாடம் நீதிமன்ற வளாகத்தில்தான் தொடங்குகிறது. மனுவைத் திருப்பி அனுப்பினால் குறையை எப்படிச் சரிசெய்வது, வழக்குக் கட்டு எந்தப் பிரிவில் தேங்கிக் கிடக்கிறது, குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது என்பதையெல்லாம் ஒரு சீனியர் வழக்கறிஞர்தான் சொல்லித்தர முடியும்.

இவ்வளவு முக்கியமான பயிற்சிக்கு நம் நாட்டில் முறையான ஏற்பாடு இல்லை. வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கு முன் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என்று இந்திய பார் கவுன்சில் 1995இல் விதி வகுத்தது. அந்த அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை என்று 1999இல் வி. சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்திப் பயிற்சியை மீட்டிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. ஜூனியரின் எதிர்காலம் சீனியரின் நல்ல மனதை நம்பியே இருக்கிறது.

சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் பணி கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, இந்தக் குறை இன்னும் பெரிதாகிவிட்டது. அப்பாவின் அலுவலகத்தில் அமரப்போகும் பிள்ளைக்கு மூன்று ஆண்டுகள் பெரிதல்ல. முதல் தலைமுறையாகப் படித்துவந்து, அறை வாடகைக்கே திண்டாடுபவருக்கு அதுவே பெரும் தடை.

ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களுக்கு 20,000, கிராமப்புறங்களுக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. ஆனால், பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது.

தாலுகா நீதிமன்றங்களில் சீனியர்களின் வருமானமே நிலையில்லாதபோது 15,000 ரூபாய்க்கு அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, ஜூனியரைப் பட்டினி போடுவதல்ல, சுமையைப் பகிர்வது. ஆந்திர அரசு 2019இல் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. தமிழக அரசும் பார் கவுன்சிலும் சேர்ந்து, சிறு ஊர்களில் உதவித்தொகையின் ஒரு பகுதியை ஏற்கலாம்.

பணம் மட்டும் போதாது. மூன்று ஆண்டுகளும் வாய்தா வாங்க மட்டுமே ஒருவரை அனுப்பிக்கொண்டிருந்தால், சம்பளம் கொடுத்தாலும் அவர் வழக்கறிஞர் ஆகமாட்டார். நீதிபதி தேர்வுக்காக மூன்றாண்டுப் பணியை உறுதிசெய்து, பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தரும் சான்றிதழில், ஜூனியர் எழுதிய மனுக்களும் நடத்திய சாட்சி விசாரணைகளும் பதிவாக வேண்டும். ஒருவருக்கு ‘மூத்த வழக்கறிஞர்’ தகுதி வழங்கும்போது, அவர் எத்தனை ஜூனியர்களை வளர்த்துவிட்டார் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

இன்றைய சீனியர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரிடம் தொழில் கற்றவர்கள்தாம். அந்தக் கடனைத் தீர்ப்பதை விருப்பத்துக்கு விட்டது போதும். அதைச் சட்டக் கடமையாக்க நாடாளுமன்றம் வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்த வேண்டும்.