பாட்டிலும் கூட நடந்து வருது

தீபாவளி முடிஞ்சு ஐப்பசி மழை ரெண்டு நாள் பெஞ்சா போதும், நம்ம பயலுகளுக்கு மலைப்பக்கம் போகக் கால் பரபரக்கும். இந்தத் தடவை ஒன்பது பேர். சூலக்கரையில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அங்கிருந்து செண்பகத்தோப்பு வரைக்கும் நடை.

நடையை விட நிற்கிற இடங்கள்தான் ஜோர். பால்கோவாவுக்கு ஒரு நிறுத்தம், டீ வடைக்கு ஒரு நிறுத்தம். பின்னாடி தங்கினவன் வந்து சேர, சண்டை போட்ட ரெண்டு பேர் மறுபடி பேச, எல்லாத்துக்கும் டீக்கடை பெஞ்சுதான்.

கடைசி நிறுத்தம் மாந்தோப்பு தாண்டி ஒரு ஓடைக்கரை. பையிலிருந்து பீர் பாட்டில்கள் வெளியே வந்தன. காலியானதும் எதிர்ப்பாறையில் எறிந்து குறி பார்க்கிற போட்டி. நான் எறியலை. ஆனா கை தட்டினேன்.

திரும்பும்போது ஒரு பெரியவர் ஆடுகளை ஓட்டிக்கிட்டு அதே ஓடைக்குப் போனார். காலில் செருப்பு இல்லை. 'அங்கிட்டு கண்ணாடி கிடக்கு, பார்த்துப் போங்கய்யா'ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. யார் உடைச்சான்னு கேட்பாரே! பேசாம வந்துட்டேன். அதுதான் இன்னும் உறுத்துது.

அந்தத் தோப்புகளுக்கு யானையும் வரும். மேலே இருப்பது 1988-ல் அறிவிச்ச சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு. அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு இருக்கு. உடைஞ்ச பாட்டில் யானையின் காலை என்ன பண்ணும்னு தெரியணும்னா ஜெயமோகனின் 'யானை டாக்டர்' படிங்க. நானும் படிச்சவன்தான். படிச்சுட்டுத்தான் கை தட்டியிருக்கேன் :(

இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில் கூட்டமா நடக்கப் போவாங்க. வழியில் பப் இருக்கும். உள்ளே உட்கார்ந்து குடிப்பாங்க, கிளாஸ் அங்கேயே மேஜையில் நின்னுடும், ஆள் மட்டும் காட்டுக்குள்ள நடப்பான். நம்ம கதை தலைகீழ். கடை ஊருக்குள்ள, குடிக்கிற இடம் காட்டோரம். அதனால பாட்டிலும் நம்ம கூடவே நடந்து வருது. திரும்பும்போதுதான் அதைத் தூக்க யாருக்கும் கை வர்றதில்லை.

2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்தப் பணத்தைத் தரும் முறை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு வந்தது. அப்புறம் வேறு மாவட்டங்களுக்கும் போச்சு. நல்ல கணக்குதான். ஆனா பாறையில் எறியிற சந்தோஷத்துக்குப் பத்து ரூபாய் போனா போகட்டும்னு நினைக்கிறவனை என்ன செய்ய?

குடிக்கிறது சரியா தப்பான்னு நான் பேச வரலை. பையில் கண்ணாடி வேண்டாம், அவ்வளவுதான். அடுத்த நடைக்கு நான் வரணும்னா இதுதான் நிபந்தனை. அதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சாக்கோட அந்த ஓடைக்குப் போகணும். யாரும் வரலைன்னாலும் நான் போறேன். கை தட்டினதுக்கு அதாவது செய்யணும்ல.