வாலறுந்த எலியும் அறுபடாத கயிறுகளும்

ஒரு பத்திரிகையின் மானத்தை வாங்குவதற்கு ஒரு புள்ளி போதும். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இரவு, அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தில், 'கல்வி அமைச்சு' என்று நான் தட்டச்சுச் செய்த சொற்கள் 'கலவி அமைச்சு' என்று நின்றன. ஒப்புநோக்கும் இளைஞர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவருடைய கண்ணில் அது படாமற் போயிருந்தால், மறுநாள் காலை அமைச்சிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். அமைச்சர் மறந்தாலும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பிழை என் விரலுடையதன்று. பாமினி முறையிலே தட்டச்சுச் செய்பவர்களுக்குத் தெரியும்: மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனியாக ஒரு விசை உண்டு. ஆங்கில விசைப்பலகையில் அரைப்புள்ளி இருக்கும் இடத்திலே அது இருக்கின்றது. அந்த விசையை நான் அழுத்தினேன். அழுத்தியது கணினிக்குப் போய்ச் சேரவில்லை. அப்போது நான் பாவித்தது ஒரு கம்பியில்லா விசைப்பலகை. அதன் சிறிய ரிசீவரைக் கணினியின் பின்புறத்தில், வெளி வன்தட்டு ஒன்றின் கம்பிக்கு அருகிலே செருகியிருந்தேன். வன்தட்டு வேலை செய்யும்போதெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துகள் காணாமற் போயின என்பதைப் பின்னரே கவனித்தேன்.

இதில் இரகசியம் எதுவுமில்லை. யூ.எஸ்.பி. 3.0 இணைப்புகள் எழுப்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையையும் குழப்புகின்றது என்பதை இன்டெல் நிறுவனமே 2012ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. கம்பியில்லா எலிகளும் விசைப்பலகைகளும் இன்று பெரும்பாலும் அந்த அலைவரிசையிலேதான் பேசுகின்றன. வை-ஃபையும் அங்கேதான், புளூடூத்தும் அங்கேதான், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசிவதும் அங்கேதான். ரிசீவரை ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியிலே பொருத்திச் சற்றுத் தள்ளி வைத்தால் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடும். பரிகாரம் இவ்வளவு சுலபமாக இருந்தும், நான் வாங்கிய பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை. 'பத்து மீற்றர் தூரம் வரை இயங்கும்' என்று மாத்திரம் கொட்டை எழுத்திலே போட்டிருந்தார்கள். என் கைக்கும் கணினிக்கும் இடையில் இருந்த தூரம் ஒரு முழம்.

இந்தக் கருவிகளிடம் கணினிப் பாவனையாளர் எதிர்பார்ப்பது அதிகமில்லை. அழுத்திய எழுத்து போய்ச் சேரவேண்டும். வேறெவர் கையிலும் சிக்காமற் போய்ச் சேரவேண்டும். மின்கலம் செத்தால் மாற்றிப்போட முடியவேண்டும். ஒரு சிறு துண்டு தொலைந்தால் மிகுதி எல்லாம் குப்பையாகிவிடக் கூடாது. பழுதானால் திருத்த முடியவேண்டும். கம்பியுள்ள பழைய விசைப்பலகையிடம் இவற்றைப் பற்றி நாம் கவலைப்பட்டதே இல்லை. கம்பியை அறுத்துத் தந்தவர்கள், அதற்குப் பதிலாக இந்த ஐந்து இடங்களிலும் எம்மை வேறு கயிறுகளாற் கட்டியிருக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

எலிக்கு எலி என்று பெயர் வந்ததே அதன் வாலினாலேதான். டக்ளஸ் எங்கெல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் 1964ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்திலே செய்த முதலாவது எலி ஒரு சிறு மரப்பெட்டி. அதிலிருந்து நீண்ட கம்பி வாலைப் போன்று தோன்றியது. 1968ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி எங்கெல்பார்ட் அதனைச் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரங்கிலே பகிரங்கமாக இயக்கிக் காட்டினார். அந்த வாலை அறுக்கும் முயற்சி விரைவிலேயே தொடங்கிவிட்டது. 1991ஆம் ஆண்டில் லொஜிடெக் நிறுவனம் வானொலி அலையில் இயங்கும் எலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னரே விசைப்பலகையின் கம்பியை அறுத்துப் பார்த்தது ஐ.பி.எம். நிறுவனம். அந்தக் கதை இன்றைய உற்பத்தியாளர்கள் சுவரிலே எழுதி ஒட்டிவைக்க வேண்டிய கதை.

1983 நவம்பரில் ஐ.பி.எம். 'பி.சி. ஜூனியர்' என்ற வீட்டுக் கணினியை அறிவித்தது. அதன் விசைப்பலகை அகச்சிவப்பு ஒளியினாற் கணினியுடன் பேசியது. கம்பி இல்லை. ஆனால் விசைகளோ சூயிங்கம் துண்டுகளைப் போன்று சின்னஞ்சிறியவை. எழுத்துகளை விசையின் மேல் அச்சிடாமல், பக்கத்திலே பலகையில் அச்சிட்டிருந்தார்கள். விரல்களால் விரைந்து தட்டச்சுச் செய்ய முடியவில்லை. வாங்கியவர்களும் விமர்சகர்களும் பொங்கி எழுந்தார்கள். 1984ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். ஒழுங்கான விசைப்பலகை ஒன்றைச் செய்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்தது. எனினும் அந்தக் கணினி தப்பவில்லை, 1985இல் கைவிடப்பட்டது. கம்பி இல்லை என்ற ஒன்றுக்காக மக்கள் எதையும் பொறுத்துக்கொள்ளவில்லை. அதே சமயம், அன்றைய கணினி உலகின் மிகப் பெரிய நிறுவனம் பாவனையாளரின் கோபத்துக்கு ஓராண்டுக்குள் பணிந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்று எவர் பணிகின்றார்?

பாதுகாப்பை எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் சமி கம்கார் என்ற ஆய்வாளர், சுவரிலே செருகும் சாதாரண மின்னேற்றியைப் போன்று தோற்றமளிக்கும் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். அருகிலுள்ள சில மைக்ரோசொஃப்ட் கம்பியில்லா விசைப்பலகைகளில் அழுத்தப்படும் எழுத்துகளை அது பிடித்துப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், பல நிறுவனங்களின் ரிசீவர்களுக்கு நூறு மீற்றர் தூரத்திலிருந்துகூடப் போலி விசையழுத்தங்களை அனுப்பலாம் என்று நிரூபித்தது. அதே ஆண்டு ஜூலையில், எட்டு நிறுவனங்களின் மலிவான விசைப்பலகைகள் எழுத்துகளை எந்தவித மறைகுறியாக்கமும் இல்லாமல் வெட்டவெளியில் வீசுகின்றன என்று அது அறிவித்தது. புத்தியுள்ளவர்கள் கம்பிக்கோ புளூடூத்துக்கோ மாறிக்கொள்ளுங்கள் என்பதே அன்று கிடைத்த ஆலோசனை. மாறுவதற்குரிய செலவு யாருடையது என்று கேட்பார் இருக்கவில்லை.

செய்தி மூலம் ஒன்றின் பெயர் வெளியே போனால் என்ன நடக்கும் என்பதை, எங்கள் நாட்டில் என் தலைமுறைப் பத்திரிகையாளர் எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாய் திறக்காமல், எழுதி வைக்காமல், தொலைபேசியிற் பேசாமற் காத்த பெயரை, மலிவு விலைக்கு வாங்கிய ஒரு விசைப்பலகை சுவருக்கு அப்பால் உள்ளவனுக்கு ஒப்புவிக்குமானால் அது என்ன கருவி? வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டும் ஆசிரியைக்கும், நோயாளியின் குறிப்பைத் தட்டும் வைத்தியருக்கும் இதே கேள்வி உண்டு. 'இது மறைகுறியாக்கம் செய்து அனுப்புகின்றது' அல்லது 'செய்யவில்லை' என்ற ஒரு வரியைப் பெட்டியின் முன்பக்கத்தில் அச்சிடுவதற்கு எவ்வளவு மை வேண்டும்?

அடுத்தது மின்கலம். 2015ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெஜிக் மவுஸ் எலிக்கு மின்னேற்றும் துளை அடிவயிற்றிலே இருந்தது. மின்னேறும் வரைக்கும் அது மல்லாந்த கரப்பான்பூச்சியைப் போன்று கிடக்க வேண்டியதுதான். வேலை செய்ய முடியாது. உலகமே கேலி செய்தது. 2024 ஒக்டோபரில் அந்நிறுவனம் துளையின் வகையை யூ.எஸ்.பி.-சி ஆக மாற்றியது. துளையின் இடத்தை மாற்றவில்லை. ஒன்பது ஆண்டுக் கேலி ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை.

துளையைவிடப் பெரிய குற்றம், மின்கலத்தை உள்ளே வைத்து மூடி ஒட்டிவிடுவது. மின்னேற்றும் லித்தியம் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். எங்களுடைய வெப்பத்தில் இன்னும் விரைவாக இழக்கும். சங்கக் கடையிலே 'பென்ரோர்ச் பற்றரி' என்று கேட்டு வாங்கும் சாதாரண மின்கலம் ஒன்றில் பல மாதங்கள் ஓடும் எலிகள் இருக்கும்போது, இந்த ஒட்டுவேலை எவருக்காக? ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை. 2024 டிசெம்பர் 28 முதல் அங்கே விற்கப்படும் மின்னேற்றத்தக்க எலிகளுக்கும் விசைப்பலகைகளுக்கும் யூ.எஸ்.பி.-சி துளை கட்டாயம் என்று சட்டம் போட்டது. கையடக்கக் கருவிகளின் மின்கலங்களைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக 2027 பெப்ரவரி 18 முதல் அமைக்க வேண்டும் என்று 2023இல் இயற்றிய மற்றொரு சட்டம் பொதுவாகக் கட்டளையிடுகின்றது. முடியாது என்று சொல்லப்பட்டவை சட்டம் வந்ததும் முடிகின்றன.

ரிசீவரின் கதை இன்னும் சிறியது. ஆனால் எரிச்சல் பெரியது. என் மேசை லாச்சியிலே இரண்டு எலிகள் கிடக்கின்றன. இரண்டிலும் ஒரு பழுதும் இல்லை. சுண்டுவிரல் நகத்தளவான ரிசீவர்கள் தொலைந்துவிட்டன. மலிவான எலிகள் பல, தொழிற்சாலையில் இணைக்கப்பட்ட ஒரே ரிசீவருடன் மாத்திரமே பேசும். மாற்று ரிசீவர் தனியாக விற்பனைக்கு இல்லை. லொஜிடெக் 2009இல் ஆறு கருவிகள் வரை ஒரே ரிசீவரில் இணைக்கும் முறையைத் தந்தபோது நல்ல காலம் பிறந்தது என்றே எண்ணினோம். 2021இல் அதே நிறுவனம் பாதுகாப்பு மேம்பட்ட 'போல்ட்' முறையைக் கொண்டுவந்தது. பாதுகாப்பு மேம்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் பழையதும் புதியதும் ஒன்றுடன் ஒன்று பேசா. ஒரே நிறுவனத்தின் இரண்டு பொருள்களுக்கு இரண்டு துளைகள் வேண்டும். இருப்பதே இரண்டு துளைகள் கொண்ட மடிக்கணினி வைத்திருப்பவர் எங்கே போவார்?

இனித் திருத்துவது. எலியின் பொத்தானுக்குக் கீழே சிறிய ஆளி ஒன்று இருக்கின்றது. அதனுள்ளே மெல்லிய உலோகத் தகடு. தொடுபுள்ளி தேய்ந்தால் ஒரு அழுத்தல் துடித்து இரண்டு அழுத்தலாகப் பதிவாகும். கோப்பைத் தெரிவு செய்ய முனைந்தால் அது திறந்துகொள்ளும். எனக்கு இது நேர்ந்தபோது பம்பலப்பிட்டியிலே ஒரு பொடியன் பழைய ஆளியைக் கழற்றிப் புதியதை ஒட்டித் தந்தான். கூலியும் பொருளும் சேர்ந்து ஒரு சோற்றுப் பார்சலின் விலைகூட ஆகவில்லை. அவன் அதிக நேரம் செலவழித்தது ஆளியை மாற்றுவதற்கன்று, திருகாணிகளைத் தேடுவதற்கு. அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த வழுக்குத் தாள்களுக்குக் கீழே அவற்றை ஒளித்து வைத்திருந்தார்கள். அந்த எலியின் மேலே பூசியிருந்த இறப்பர்ப் பூச்சோ எங்கள் ஈரக்காற்றில் இளகி, பலாப்பழப் பால் பட்ட கையைப் போன்று பிசுபிசுத்தது. பிடிப்பதற்கு இதமாக இருக்கும் என்று விற்றார்கள். வெப்ப நாடுகளிலும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது அதை வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை போலும்.

இத்தனை குறைகளும் இருக்க, அவர்கள் எதைப் பற்றிச் சிந்திக்கிறார்கள்? 2024ஆம் ஆண்டில் செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிப் பொத்தான் வைத்த எலி வந்தது. அதே ஆண்டு ஜூலையில் லொஜிடெக் நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரி ஹனெக்கே ஃபாபர், காலமெல்லாம் வைத்திருக்கக்கூடிய எலி ஒன்றைப் பற்றி நேர்காணலிலே பேசினார். நல்ல செய்தி என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர்களுக்கு, அதன் மென்பொருளுக்குச் சந்தா கட்ட வேண்டிவரலாம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. எதிர்ப்பு எழுந்ததும், அது வெறும் கருத்தேயன்றித் திட்டமன்று என்று நிறுவனம் விளக்கமளித்தது. விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் நீடித்து உழைப்பது ஒரு பொருளின் இயல்பான கடமை என்று நாம் நினைத்திருக்க, அது மாதாமாதம் பணம் கட்டிப் பெறவேண்டிய சலுகை என்று அவர்களுக்குத் தோன்றியது என்பதை மறக்க முடியவில்லை.

'இவ்வளவு குறை சொல்பவர் கம்பியுள்ளதையே பாவிக்கலாமே' என்று சிலர் கேட்கக்கூடும். எழுதுவதற்கு நான் பாவிப்பது அதைத்தான். ஆனால் விரிவுரை மண்டபத்தில் நடந்துகொண்டே பேசுபவருக்கும், படுக்கையிலிருந்து திரையைப் பார்க்கும் நோயாளிக்கும், மணிக்கட்டு வலியால் விசைப்பலகையை மடியிலே வைத்துக்கொள்பவருக்கும் கம்பியின்மை ஆடம்பரமன்று. அவர்களுக்குக் கம்பியில்லாததும் வேண்டும். அது நம்பத்தக்கதாகவும் இருக்க வேண்டும். 'மக்கள் கேட்பது மலிவு விலையைத்தான்' என்பது வியாபாரிகளின் மற்றொரு வாதம். ஆண்டுக்கொன்றாக வாங்க வைக்கும் பொருளை மலிவென்று சொல்வது எந்தக் கணக்கு?

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, பெட்டியிலே மின்னும் நிற விளக்குகளைப் பார்க்காமல் விற்பனையாளரிடம் கேளுங்கள்: குறுக்கீடு வந்தால் தள்ளி வைப்பதற்கு நீட்டிப்புக் கம்பி உள்ளே இருக்கின்றதா? எழுத்துகள் மறைகுறியாக்கப்படுகின்றனவா? மின்கலத்தை நானே மாற்றலாமா? ரிசீவர் தொலைந்தால் வேறொன்று கிடைக்குமா? திருகாணி எங்கே இருக்கின்றது? பதில் தெரியாது என்றால், கோபப்படாமற் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வாருங்கள். ஒருவர் செய்தால் அது பைத்தியக்காரத்தனம் என்பார்கள். நூறு பேர் செய்தால் கடைக்காரர் இறக்குமதியாளரிடம் கேட்பார். ஐ.பி.எம். நிறுவனத்தைப் பணியவைத்ததும் வாங்குபவர்களின் கோபந்தான்.

இந்தக் கட்டுரையைக் கம்பியுள்ள, எழுத்துகள் பாதி அழிந்த, பழைய விசைப்பலகை ஒன்றிலே எழுதி முடித்தேன். 'கல்வி' என்று தட்டினேன். கல்வி என்றே வந்தது.