உரக்கடைக்காரரா நமக்குப் பயிர் டாக்டர்?



நெல் தோகையில் புள்ளி விழுந்தால் நாம் எங்கே ஓடுகிறோம்? உரக்கடைக்குத்தான்! இலையைப் பார்க்காமலே "இதையும் அதையும் கலந்து அடிங்க" என்கிறார். பில் கேட்டால் முகம் சுளிக்கிறார்.

கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம் என்றால் குலை நோய், அது பூஞ்சாணம். இலை நுனியிலிருந்து ஓரமாக மஞ்சளாகிக் காய்ந்து வந்தால் பாக்டீரியா இலைக்கருகல். அதற்குப் பூஞ்சாண மருந்து கேட்காது. காசும் போச்சு, பயிரும் போச்சு! யூரியாவை அள்ளிப் போட்டால் இரண்டுமே கூடும். வரப்புப் புல்லிலும் குலை நோய் தங்கும். வரப்பைச் செதுக்கி வைப்போம்.

கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்தால் குலை நோய் மட்டுப்படும். ஏக்கருக்கு 30 கிலோ விதை என்றால் 300 கிராம் போதும். அது விதைப்புக்கு முன்னாடியே கைக்கு வர வேண்டாமா? நட்ட 15 நாளுக்குள் முதல் களை எடுக்காவிட்டால், நாம் போட்ட உரத்தைக் களைதான் தின்னும். ஆள் கிடைக்காத ஊரில் சிறு விவசாயி என்ன செய்வான்?

ஆகவே நாம் கேட்கிறோம்:

1. பருவத்தில் வாரம் ஒருநாள் வேளாண் அலுவலர் வயலுக்கு வர வேண்டும்.

2. விதைப்புக்கு முன்பே சூடோமோனாஸ் இருப்பு வைக்க வேண்டும்.

3. ஊராட்சிதோறும் குறைந்த வாடகைக்குக் கோனோவீடர் தர வேண்டும்.

4. பூச்சிமருந்துக்குப் பில் தருவது சட்டப்படி கட்டாயம். தராத கடை மீது நடவடிக்கை வேண்டும்.

பில் இல்லாமல் மருந்து வாங்க மாட்டோம்! ஒன்றுபடுவோம்! போராடுவோம்!