பெயர் தெரியாது... ஆனா உங்க வீடு தெரியும்! - லொகேஷன் டேட்டாவும் விளம்பரக் கணக்கும்

ஷாப்பிங் லிஸ்ட் போட ஒரு ஆப் டவுன்லோடு பண்றீங்க. லொகேஷன் கேட்குது. 'அலவ்' தட்டிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவீங்க. அதுக்கப்புறம் அந்த டேட்டா எங்கே போகுது?

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன் 2024 ஜனவரியில் 'இன்மார்க்கெட்' நிறுவனம் மீது வைத்த புகாரைப் பாருங்க. ஷாப்பிங் லிஸ்ட் ஆப் வைத்திருந்த இந்த நிறுவனத்தின் கோடு, 300-க்கும் மேற்பட்ட மற்ற ஆப்களுக்குள்ளும் இருந்தது. அதில் சேர்ந்த லொகேஷனை வைத்து மக்களைக் கிட்டத்தட்ட 2,000 வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். 'சர்ச்சுக்குப் போகிறவர்கள்', 'பணம் இருக்கு, ஆரோக்கியம் இல்லை' என்றெல்லாம்கூட வகைகள் உண்டு!

அதே மாதம் சிக்கிய 'எக்ஸ்-மோட்' இன்னும் ஒரு படி மேலே. ஓஹியோவின் கொலம்பஸ் பகுதியில் இதயம், நாளமில்லாச் சுரப்பி, குடல் சிகிச்சை டாக்டர்களிடம் போய்விட்டு, மருந்துக்கடைக்கும் போனவர்கள் யார் யார் என்று பிரித்து, மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறது. நோயாளியே வாய் திறக்கலை, போன் சொல்லிடுச்சு.

"பெயரே இல்லையே, வெறும் விளம்பர ஐடிதானே?" என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். ராத்திரி முழுக்க போன் இருக்கிற இடம் வீடு, பகல் முழுக்க இருக்கிற இடம் ஆபீஸ். இந்த ரெண்டும் தெரிஞ்சா பெயர் எதுக்கு? 15 லட்சம் பேரின் 15 மாத போன் தகவல்களை அலசி, 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நாலே நாலு புள்ளிகள் கிடைத்தால், 95 சதவிகிதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்றது. இத்தனைக்கும் அது டவர் அளவிலான தகவல்தான், ஜி.பி.எஸ் துல்லியம்கூட இல்லை.

சரி, கடை எங்கே திறக்கலாம்னு பார்க்கிற கம்பெனிக்கு இதெல்லாம் தேவையா? எந்தத் தெருவில், எத்தனை மணிக்குக் கூட்டம் என்று தெரிந்தால் போதாதா? போதும். கொரோனா நேரத்தில், 2020 ஏப்ரலில் கூகுள் வெளியிட்ட நடமாட்ட அறிக்கைகள் அப்படித்தான் இருந்தன. 'கடைகளில் கூட்டம் இத்தனை சதவிகிதம் குறைவு' என்று மொத்தக் கணக்கு மட்டுமே. அதிலும் வேண்டுமென்றே கொஞ்சம் குளறுபடியான எண்களைக் கலந்து, தனி ஆள் யாரும் தெரியாதபடி செய்தார்கள். எண்ணிக்கை ரொம்பக் குறைவான இடங்களை விட்டுவிட்டார்கள். வழி இருக்கு. ஆனா உங்களைத் தேடிவந்து விளம்பரம் காட்டினால்தான் காசு அதிகம், அதுதான் சிக்கல்.

நம்ம ஊரிலும் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலேயே ஓர் உதாரணம் இருக்கு. ஆன்லைன் மருத்துவ ஆலோசனை ஆப் கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்டு, நீங்க ஓகே சொன்னாலும், சிகிச்சைக்கு அது தேவையில்லாததால் அந்த ஓகே செல்லாது. அப்போ ஷாப்பிங் லிஸ்ட்டுக்கு லொகேஷன்?

ஆண்ட்ராய்டு 12-க்கு மேல் இருந்தால் ஒவ்வொரு ஆப்புக்கும் துல்லிய லொகேஷனை ஆஃப் செய்து, தோராயமானதை மட்டும் கொடுக்கலாம். ஐபோனில் ஐ.ஓ.எஸ் 14-லிருந்தே இந்த வசதி உண்டு. டாக்ஸி ஆப்புக்குத் தெருமுனை தெரியணும், வானிலை ஆப்புக்கு ஊர் தெரிஞ்சா போதும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பிரைவசிக்குள் 'ஆட்ஸ்' பகுதிக்குப் போனால் விளம்பர ஐடியையே டெலீட் பண்ணிடலாம்.