கட்டுச் சொல்லும் அரசு

காணாமற்போன மகன் உளனோ இலனோ என்று கேட்டறியத் தாய்மார் கலையாடுவோர் முன் சென்று நிற்கின்றனராம். இது நமக்குப் பெரும் வெட்கக்கேடாம்! பட்டணத்துப் படித்த பெருமக்கள் சிலர் இவ்வாறு நகையாடுவதைக் கேட்டுக் கேட்டு நம் செவி புளித்துவிட்டது. மூடநம்பிக்கை என்பது அவர்தம் தீர்ப்பு. எதிர்த்தரப்பை அழைத்து ஒரு சொல்லேனும் கேளாது எழுதப்பட்ட தீர்ப்பு அது. சட்டம் பயின்றவன் என்ற முறையில் அத்தாய்மார் சார்பிற் சில கூற விழைகின்றேன்.

கலை வருவது யாருக்கு? விரும்பிக் கேட்டவர்க்கு அன்று. நம் கிராமங்களில் அது பெரும்பாலும் நோயாகவே முதலில் வரும். உணவு செல்லாது, உறக்கம் வாராது, கோயிலிற் பறையும் உடுக்கும் ஒலித்தால் உடல் பதறும். வீட்டார் முதலிற் பரியாரியாரிடமே கொண்டு செல்வர். வந்தது பேயோ, தெய்வமோ, வெறும் பித்தோ என்பதை ஆடுபவர் தாமே முடிவு செய்துவிட முடியாது. மூத்த பூசாரியார் வினவுவார்: நீ யார்? எங்கிருந்து வந்தாய்? எதன் பொருட்டு வந்தாய்? உள்ளங்கையிற் கர்ப்பூரம் கொளுத்திச் சோதிப்பதும் உண்டு. மன்றிற் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு இது எவ்வகையிற் குறைந்தது? கதிர்காமத்தில் ஆடுவோரை ஆராய்ந்து பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1981இல் வெளியிட்ட ‘மெடூசாவின் கூந்தல்’ என்னும் ஆங்கில நூலிலும் இதனையே காண்கின்றோம்: முதலிற் பேய்பிடி என்று அஞ்சப்பட்டது, நெடிய துன்பத்தின் பின்னரே தெய்வ அருளென ஏற்கப்படுகின்றது.

ஏற்கப்பட்ட பின்னர்தான் உண்மையான பாரம் தொடங்குகின்றது. மச்சம் மாமிசம் விலக்க வேண்டும். துடக்கு வீட்டில் உண்ணலாகாது. மடை காலங்களில் நோன்பு காக்க வேண்டும். மடை வைக்கும் ஒழுங்கையும், உடுக்கில் இசைக்கும் பாடல்களையும், மூலிகையின் இனத்தையும், பார்வை பார்க்கும் முறையையும் பெரியவர் ஒருவரின் பின்னே ஆண்டுக்கணக்கில் நின்று பழக வேண்டும். கைம்மாறு? தட்சணையாக வைக்கும் வெற்றிலை பாக்கும், சூடடித்த களத்திற் கிடைக்கும் சிறிது நெல்லும். தமக்கென்று வயலுள்ள பூசாரியார் மற்றையோரைப் போலவே மழையைப் பார்த்து விதைப்பார். ஊர் அவரை நாள்தோறும் பார்க்கின்றது. பிழைவிட்டால் ஊரே கேட்கும். நாவலர் பெருமான் கண்ணகை வழிபாடு முதலியவற்றைக் கண்டித்தார் என்று நம்மை மறிப்போர் உண்டு. அப்பெருமானின் தமிழ்த்தொண்டுக்குத் தலை வணங்குவோம். இவ்விடயத்தில் அவருடன் உடன்படோம். வற்றாப்பளையில் வைகாசி விசாகப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிவதைக் கண்டு கைகூப்பிய வன்னி மகன் வேறெவ்வாறு பேசுவான்?

இஃது நமக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. சைபீரியாவின் துங்கூசு மொழிகளில் இத்தகையோரைக் குறித்த சொல்லே ‘சாமன்’ என ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தது. அங்கும் நோயே முதற் குறி. மூத்தவரிடம் பயின்ற பின்னரே முழவு கைக்கு வரும். 1930களில் சோவியத்து ஆட்சி அவர்களின் முழவுகளைப் பறித்துச் சிறையிலும் அடைத்தது. கொரியாவிலோ இந்நோய்க்குத் தெய்வ நோய் என்றே பெயர். அது வந்தவர் தெய்வத்தை இறக்கும் சடங்கொன்றை முறைப்படி நடத்திய பின்னரே ‘முடாங்’ ஆவார்.

இனி நம் தாய்மாரிடம் வருவோம். 2009 மே மாதத்தில் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறியபோது ஓமந்தையிற் பதிவும் வடிகட்டலும் நடந்தன. அங்கே தம் கண்முன் பிரித்துக் கொண்டு செல்லப்பட்டோர் திரும்பவில்லை என்று உறவினர் ஆணைக்குழுக்களின் முன் சாட்சியம் அளித்தனர். சாவடி 2015இல் அகற்றப்பட்டது. சாட்சியத்துக்கு விடை வரவில்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தாற் காணாமற்போனோர் அலுவலகம் தோன்றியது, படிவங்கள் நிரம்பின. 2013இல் வவுனியா மேல் நீதிமன்றில் ஆட்கொணர்வு மனுத் தாக்கலாயிற்று. ஆளை முன்னிறுத்துமாறு படையினருக்குக் கட்டளை பிறந்ததோ 2022 டிசெம்பரில்! ஒன்பது ஆண்டுகள்! 2017 பெப்புருவரியில் வவுனியா வீதியோரத்திற் கொட்டகை அமைத்து அமர்ந்த தாய்மாரிற் பலர் விடை காணாமலே மாண்டனர். கலையாடுபவர் அன்றிரவே விடை கூறுகின்றார். தாய் எங்கே செல்வாள்?

மட்டக்களப்பில் 1990களில் நடந்ததும் இதுவே. அங்கே அம்மன் வாக்குச் சொல்லும் பெண்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பற்றீசியா லோரன்சு, வாய்திறந்து பேச அஞ்சிய காலத்தில் மக்களின் துயரம் பேசப்பட்ட இடங்கள் அக்கோயில்களே என்று காட்டினார். காணாமற்போனவர் பட்ட வதையை வாக்குச் சொல்பவர் தம் உடலில் உணர்ந்து துடித்தனர். எந்த ஆணைக்குழு அவ்வாறு துடித்தது?

தெய்வம் வந்து உண்மை கூறுகின்றதா என்று என்னை வினவாதீர். மன்றில் அதனைச் சான்றாக முன்வைக்க நான் துணியேன். ஆனால் சான்றின்றிக் கட்டுச் சொன்ன மற்றொருவரை நினைவூட்டுவேன். 2020 சனவரியில், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று அன்றைய சனாதிபதி கோத்தாபய இராசபக்ச ஐக்கிய நாடுகளின் கொழும்புப் பிரதிநிதியிடம் உரைத்தார். எங்கே இறந்தனர்? எந்நாளில்? யார் கையால்? உடல் எங்கே? ஒன்றுமில்லை. நோன்பும் இல்லை, சோதனையும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. வாக்கு மட்டும் உண்டு! 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமோ, ஓராண்டுக்கு மேலாகச் செய்தியில்லாதவரை இறந்தவராகப் பதிவு செய்ய வழி வகுத்தது. மரணச் சான்றிதழை வாங்க மறுத்த தாயை மூடநம்பிக்கையுடையாள் என்போர், அதனை நீட்டிய கையை யாதென்பர்?

மற்றொரு கூட்டத்தையும் விடுவதற்கில்லை. கைபேசியில் விளம்பரம் செய்து, மகன் இன்ன முகாமில் உயிரோடுள்ளான் என்று ஆசை காட்டி, வெளிநாட்டு உறவினரின் காசைக் கறக்கும் பேர்வழிகள் நம்மவரிலும் உளர். எந்தப் பூசாரியார் இவர்களைச் சோதித்தார்? எந்த ஊர் இவர்களை அறியும்? தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு வஞ்சித்தல் இன்னதென்று வரையறுத்துள்ளது. அதற்குள் இவர்களை அடக்குவதற்குப் பெரிய சட்ட நுணுக்கம் வேண்டியதில்லை. கோயிற் சபையார் இத்தகையோரை வாசலிலேயே மறிக்க வேண்டும். பணம் கொடுத்து ஏமாந்தோர் முன்வந்தால் முறைப்பாடு எழுத வழக்கறிஞர் நாம் கூலியின்றி உதவுவோம்.

அரசிடம் நாம் கேட்பது அருள்வாக்கு அன்று. 2009 மேயில் ஓமந்தையிற் பதிந்த பெயர்கள், அவற்றுட் பிரிக்கப்பட்டோர், அவர்களை ஏற்றிச் சென்ற படைப்பிரிவு, இறக்கிய இடம் ஆகிய நான்கையும் மன்றில் வைக்கட்டும்.