சிறு எண்ணெய் யந்திரங்களைச் சோதிக்கும் முறை

எண்ணெய் பிழியும் சிறு யந்திரம் ஒன்றை வடிவமைப்பதைக் காட்டிலும் அதனைத் தக்கவாறு சோதிப்பதே கடினம். ஆராய்ச்சிச் சாலையில், சுத்தம் செய்த எள்ளைக்கொண்டு, பயிற்சி பெற்றவர் ஓட்டி, ஒரே நாளில் முடிக்கும் சோதனை யந்திரத்தின் திறனைக் காட்டும். அதன் பயனைக் காட்டாது. கிராமத்தில், அதனை ஓட்டவிருப்பவர் கையில் சோதித்த பின்னரே அதனைப் பரிந்துரைக்க வேண்டும் என்பது எமது கருத்து.

இத்துறையில் நமக்கு முன்மாதிரி உண்டு. 1934-இல் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதனை நடத்தினார். சங்கத்தின் இருப்பிடமாகிய மகன்வாடியில் ஜவேர்பாய் பட்டேல் முதலியோர் நாட்டுச் செக்கினைத் திருத்தி 'வார்தா கானி'யை உருவாக்கினர். பழைய கருவியைப் பழித்து ஒதுக்காது, அதன் குறைகளைக் கண்டு களைந்ததே அம்முயற்சியின் சிறப்பு. பிற்காலத்தில் அவ்விடத்து ஆராய்ச்சி நிலையம், தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஒத்துழைப்புடன் புத்துருப் பெற்று, 2008-இல் மகாத்மா காந்தி கிராமத் தொழில்மயமாக்கல் நிறுவனமாயிற்று. தலைநகரின் பொறியியலறிவும் கிராமத்தின் தொழிலறிவும் ஒன்றுகூடுதல் இயலும் என்பதற்கு இது சான்று.

சோதனையில் முதலில் நோக்க வேண்டியது பிண்ணாக்கு. நூறு கிலோ எள்ளில் 50 கிலோ எண்ணெய் உண்டெனக் கொள்வோம். பிண்ணாக்கில் நூற்றுக்கு 12 பங்கு எண்ணெய் தங்கினால் ஏறத்தாழ 7 கிலோ வெளிவராது நின்றுவிடும். 7 பங்கே தங்கினால் அது ஏறத்தாழ 4 கிலோவாகக் குறையும். இந்த 3 கிலோ வேறுபாடு சிறு தொழிலாளியின் இலாப நட்டத்தையே மாற்றக்கூடும். ஆயினும் இவ்வொரு கணக்கு மட்டும் போதாது. வித்தின் ஈரம், ஆட்டும்போது தெளிக்கும் நீரின் அளவு, எண்ணெயின் வெப்பம், ஓட்டுபவரின் களைப்பு, தேய்ந்த உறுப்பை உள்ளூர்க் கொல்லரோ தச்சரோ செப்பனிட இயலுமா என்பது ஆகிய யாவும் குறிக்கப்பெற வேண்டும்.

பிழியப்படும் பொருளுக்கேற்பச் சோதனையும் மாறும். ஒலிவ எண்ணெய் கனியின் சதையிலிருந்து பெரிதும் கிடைப்பது. கனியை அரைத்துக் கூழாக்கி, பிசைந்து, எண்ணெயை நீரினின்றும் பிரித்தெடுக்க வேண்டும். பறித்த கனியைத் தேக்கிவைத்தால் எண்ணெயில் அமிலம் மிகும். இராஜஸ்தானத்து லூண்கரன்சரில் 2014-இல் ஒலிவ எண்ணெய் ஆலை திறக்கப்பட்டது. இத்தகைய தொழிலில் தோட்டத்திற்கும் ஆலைக்கும் இடையேயுள்ள தொலைவும் சோதனைக்குரியதே. சிறு யந்திரத்தைத் தோட்டத்தருகே நிறுவுதலின் நன்மையும் இதனால் விளங்கும்.

கிராமத்தில் நுண்கருவிகள் இல்லையே எனச் சிலர் தடை கூறலாம். தராசு, வெப்பமானி, கடிகாரம், குறிப்பேடு ஆகிய நான்கும் பெரும்பகுதிச் சோதனைக்குப் போதுமானவை. பிண்ணாக்கின் மாதிரியை மட்டும் ஆராய்ச்சிச் சாலைக்கு அனுப்பினால் போதும். களப்பணியாளர் இக்குறிப்புகளை ஒரு பருவம் முழுதும் தொடர்ந்து எழுதிவருவாராக. ஆசிரியர்கள் மாணவரை அருகிலுள்ள செக்குக்கு அழைத்துச் சென்று, நிறுத்தும் அளந்தும் பழகச் செய்யலாம். யந்திரம் எத்தனை நாள், எக்காரணத்தால் நின்றது என்பதையும் மறையாது எழுதுதல் வேண்டும். ஓடிய நாட்களின் கணக்கை மட்டும் நம்பிக் கடன்பட்டு யந்திரம் வாங்குபவரே, நின்ற நாட்களின் நட்டத்தைச் சுமக்க நேரிடும்.